வீட்டுச் சூடு, லெட்ரிக் பில், மழைத்தண்ணீர்: பத்தாங் பெர்ஜுந்தை ஒயரிங் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றினார்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே. சுற்றிலும் செம்பனை, நடுவில் கடை வரிசை, பின்னால் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகள். அதில் ஒரு கடையில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். விசிறி மாற்ற வருகிறவர் சோலார் பற்றிக் கேட்பார். பிளக் வாங்க வந்த அத்தை ஏர்கோன் பில்லைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கையில் ஆயிரம் வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்கிறது. வீட்டை நவீனமாக்க எதில் தொடங்கலாம்?

கூரையில். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். கைப்பேசியில் தட்டினால் எரிகிற விளக்கு, வாய்ச்சொல்லுக்குத் திறக்கிற திரை என்று எதையோ எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

போன மாதம் ஒரு வீட்டில் ஒயர் இழுக்கக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஏறினேன். மத்தியானம் ஒரு மணி. வெப்பமானியைச் சிங்க் கூரைத் தகட்டின் அடிப்பக்கம் காட்டினால் 61 டிகிரி. கீழே ஹாலில் அம்மா ஒருவர் முழு வேகத்தில் விசிறியைச் சுற்றவிட்டு உட்கார்ந்திருந்தார். விசிறி குளிர வைப்பது உடம்பைத்தான், அறையை இல்லை. சீலிங் பலகையைக் கீழிருந்து தொட்டுப் பார்த்தேன், இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி சுட்டது. அந்தச் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை விரட்டத்தான் ஏர்கோன் ஓடுகிறது, அதற்குத்தான் பில் ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் சூட்டைத் தடுக்காமல் உள்ளே என்ன மெஷின் வாங்கி வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ஆயிரம் வெள்ளியில் முழுக் கூரைக்கும் சூடு தடுப்புப் போட முடியாமல் போகலாம். அப்படியானால் படுக்கை அறைக்கு மேலே மட்டும் செய்யுங்கள். மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் அதற்கு வெளியே ஒரு மூங்கில் திரை தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரைச்சீலை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கும்.

வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்று விற்கிறார்களே, அது வேலை செய்யுமா? பளபளப்பு எந்தப் பக்கம்?

வேலை செய்யும், சரியாகப் போட்டால். சூடான தகடு கீழ்நோக்கிக் கதிராகத்தான் அதிகச் சூட்டை அனுப்புகிறது. பளபளக்கும் அலுமினியப் பரப்பு அந்தக் கதிரை வாங்கினாலும் திருப்பிவிடும். தானே சூடானாலும் மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். ஆனால் பளபளப்புக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும், ஒரு அங்குலமாவது. தகட்டோடு ஒட்டிவிட்டாலோ சீலிங் பலகை மேல் அப்படியே விரித்துவிட்டாலோ பாதிப் பயன் போச்சு.

ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் அதைக் கீழ்ப்பக்கம் பார்த்து வையுங்கள். "மேலே வெயில், அப்படியானால் மேலேதானே கண்ணாடி மாதிரி இருக்கணும்?" என்று கேட்பார்கள். மேலே வைத்தால் ஒரே வருடத்தில் தூசி படிந்து மங்கிவிடும். கீழ்ப்பக்கத்தில் தூசி உட்காராது. அதற்கு மேலே 50 மில்லிமீட்டர் பாறைப் பஞ்சும் போட்டால் இன்னும் நல்லது. சத்தமும் குறையும், மழை நேரத்தில் டிவி கேட்கும்.

வெள்ளைப் பெயிண்ட்? அதுவும் நல்ல வழிதான். ஆனால் துருப்பிடித்த சிங்க் மேல் அப்படியே அடித்தால் உரிந்து வரும். முதலில் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் அடிப்பூச்சு கொடுக்க வேண்டும்.

தோட்டத்து வீட்டில் ஏர்கோன் இல்லாமல்தானே வளர்ந்தோம்? அங்கே இவ்வளவு வெக்கை இல்லையே?

நல்ல கேள்வி. என் அப்பா கேட்டது இது.

வயதானால் பழையதெல்லாம் குளுமையாகத்தான் தெரியும், அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். ஆனாலும் விஷயம் இருக்கிறது. பழைய லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலவும் தரையிலிருந்து தூக்கிக் கட்டியவை, காற்று அடியிலும் போகும். சுவர் பலகை, பலகை சூட்டைச் சேர்த்து வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கம்பி வலை, அது வழியாகச் சூடான காற்று வெளியேறும். அடுப்படி பின்னால் தனியாக. வாசலில் ஒரு மாமரமோ முருங்கையோ நிற்கும்.

தாமானில் வாங்கிய வீடு செங்கல்லும் சிமிந்தியும். பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி நமக்குத் திருப்பிக் கொடுக்கும். போதாததற்கு, கட்டியவர்கள் சுவர் மேலே வைத்த காற்றுத் துளைக் கற்களைப் பல்லி வருகிறது, தூசி வருகிறது என்று நாமே சிமிந்தி பூசி அடைத்துவிட்டோம். முன்வாசலை கார் நிறுத்தக் கூரை போட்டு மூடினோம், பின்பக்கத்தை அடுப்படிக்காக இழுத்து மூடினோம். காற்று எங்கிருந்து வரும்?

முதல் வேலையாக அடைத்த துளைகளைத் திறந்து கொசு வலை அடியுங்கள். செலவு இருபது முப்பது வெள்ளி. ஏர்கோன் போட்ட அறையில் மட்டும் துளைகள் அடைபட்டே இருக்கட்டும்.

எங்கள் கூரை பழைய சாம்பல் நிற சிமிந்தித் தகடு. அதில் ஓட்டை போட்டு ஏதாவது மாட்டலாமா?

வேண்டாம். பழைய தகடு கல்நார் கலந்ததாக இருக்கலாம். சும்மா இருக்கும்வரை தொல்லை இல்லை. அறுத்தால், துளைத்தால், உடைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்து, பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். மேலே ஏறி நடப்பதும் ஆபத்து, காலை வைத்தால் பொத்துக்கொண்டு கீழே வர வேண்டியதுதான். கழற்ற வேண்டுமானால் அந்த வேலை தெரிந்தவர்கள், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றட்டும். தெரிந்த பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சுத்தியலால் அடித்து இறக்கும் வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே துணி காய்ந்துகொண்டிருந்தது.

இன்வெர்ட்டர் ஏர்கோன் வாங்கினால் பில் பாதியாகும் என்கிறார்களே?

எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண ஏர்கோனில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், குளிர்ந்ததும் நின்றுவிடும், சூடானதும் மறுபடி முழு வேகம். இன்வெர்ட்டரில் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மலை ரோட்டில் மோட்டோவைக் கிளப்பி நிறுத்தி, கிளப்பி நிறுத்திப் போவதற்கும் ஒரே சீராகப் போவதற்கும் உள்ள வித்தியாசம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடும் வீட்டில் நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் வரும்போது ஒரு மணி நேரம் போடுகிற வீட்டில், கூடக் கொடுத்த விலை திரும்பி வர ரொம்ப வருடம் ஆகும்.

அளவு முக்கியம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 9,000 பிடியு (குளிர வைக்கும் திறனின் அளவு) போதும். "எதற்கும் ஒன்றரை போட்டுவிடு தம்பி" என்பார்கள். பெரிய மெஷின் சட்டென்று குளிர வைத்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும்.

வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டியைப் பாருங்கள், ஐந்து நட்சத்திரம்தான் உச்சம். அதில் ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். நட்சத்திரத்தைவிட அந்த எண் உண்மை பேசும். அப்புறம் 25 டிகிரியில் வைத்து விசிறியையும் போடுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். இந்த ஒரு வேலைக்காகவே என்னைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மடையனா?

விசிறியில் அப்படி என்ன புதுசு?

பிஎல்டிசி மோட்டார். பழைய சீலிங் விசிறி 70 வாட் வாக்கில் இழுக்கும், இது 30 வாட் வாக்கில். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 14 யூனிட் மிச்சம். வீட்டில் மூன்று விசிறி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரிமோட் தொலைந்தால்தான் தகராறு. சுவரிலும் சுவிட்ச் வேலை செய்யும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டி இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

பிளக்கில் மாட்டினால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு பெட்டி இரவுச் சந்தையில் விற்கிறார்களே?

ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார் ஒரு அக்கா. "மூணு மாசமா மாட்டியிருக்கேன், பில் அப்படியே இருக்கு" என்றார். அவர் முன்னாலேயே திருப்புளியால் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் தண்டிக்கு ஒரு மின்தேக்கி, பச்சையாக எரிகிற ஒரு குட்டி எல்இடி, நடுவில் நிறையக் காற்று. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பச்சை லைட்டுக்குக் கரண்டு நான்தான் கட்டியிருக்கேன், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

மின்தேக்கி பவர் ஃபேக்டரைத் திருத்தும், அதாவது இழுக்கிற கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதத்தை. தொழிற்சாலைகளுக்கு அது குறைந்தால் அபராதம் உண்டு, அங்கே பயன்படும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, அதில் இந்தப் பெட்டியால் எதுவும் குறையாது.

சோலார் போடலாமா? திட்டம் முடிந்துவிட்டது என்றார்களே?

வீட்டுக்காரர்களுக்கு இருந்த பழைய நெட் மீட்டரிங் திட்டம் 2025 ஜூன் கடைசியோடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து சோலார் அத்தாப் என்ற புதுத் திட்டம். பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மவர்களுக்கு அத்தாப்பு என்றால் ஓலைக் கூரை. இதிலும் பகலில் மிஞ்சும் மின்சாரத்தைத் தெனாகாவுக்கு (நமக்குக் கரண்டு கொடுக்கும் நிறுவனம்) அனுப்பிப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மாதத்தில் கழித்தது போக மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குச் சேராது. அதனால் கூரை நிறையச் சோலார் தகடு அடுக்கும் ஆசையை விடுங்கள். உங்கள் பில்லுக்கு ஏற்ற அளவே போதும்.

நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை யூனிட் கொடுக்கும். 600 வாட் தகடு ஐந்து போட்டால் மூன்று கிலோவாட், மாதத்துக்கு முந்நூறு யூனிட் பக்கம். இங்கே வெயில் கொளுத்துகிறதே, இன்னும் கூட வராதா என்பார்கள். மேகம் அதிகம், மத்தியானம் ஆனால் மழை. அதோடு தகடு சூடேறினால் உற்பத்தி குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.3 முதல் 0.4 வரை போகும். அதற்கு வேண்டியது வெளிச்சம், வெக்கை இல்லை.

மாதப் பில் எண்பது வெள்ளிக்குள் வரும் வீட்டுக்கு நான் சோலார் பேசவே மாட்டேன். முந்நூறு நானூறு கட்டுகிறவர்கள் யோசிக்கலாம். அதற்கு முன் ஒருவரைக் கூரைக்குள் அனுப்பி மரச் சட்டங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தகடு முப்பது கிலோ வரும். கறையான் தின்ற சட்டத்தின் மேல் நூற்றைம்பது கிலோவை ஏற்றினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வந்த விற்பனையாளர் தரையில் நின்றபடியே கூரையைப் போட்டோ எடுத்து, அன்றைக்கே முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். தகடு மாட்ட வந்த பையன்தான் சட்டம் உளுத்துப்போனதைக் கண்டுபிடித்தான். முன்பணத்தைத் திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தார்கள். போடுகிறவர் சேடாவில் (சோலார் திட்டங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) பதிவு செய்தவரா என்று முதலில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சோலார் இருந்தால் கரண்டு போனாலும் வீட்டில் எரியும்தானே?

எரியாது. பலருக்கு இது தகடு மாட்டிய பிறகுதான் தெரிய வருகிறது. தெனாகா லைனில் கரண்டு போனதும் உங்கள் சோலார் இன்வெர்ட்டரும் (தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானே நின்றுவிடும். லைனைப் பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் மேல் உங்கள் வீட்டுக் கரண்டு பாயக்கூடாது அல்லவா? பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டும் வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டலாம். அதற்குத் தனிக் காசு, கொஞ்சமில்லை.

புதுக் கட்டண முறையில் எந்த நேரம் மலிவு?

2025 ஜூலை 1 முதல் கட்டண முறை மாறியது. சாதாரண வீட்டுக்கு யூனிட் ஏறத்தாழ 44 சென்; மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருந்தால் சிக்கனக் கழிவு உண்டு, குறைவாக எரித்தால் கழிவு அதிகம். விரும்பினால் நேரக் கட்டணத்துக்கு மாறலாம்: வேலை நாட்களில் மத்தியானம் 2 மணி முதல் ராத்திரி 10 வரை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. வித்தியாசம் யூனிட்டுக்குச் சில சென்தான். ராத்திரி பத்துக்கு மேல் ஏர்கோன் போட்டு, துணியையும் அப்போதே துவைக்கிற வீட்டுக்கு லாபம். பகலெல்லாம் வீட்டில் ஆள் இருந்து சாயங்காலம் சமைக்கிற வீட்டுக்கு நஷ்டமாகவும் போகலாம்.

அடிக்கடி தண்ணீர் வெட்டு. மழைத்தண்ணீர் பிடிக்க என்ன செய்யலாம்?

இதில் எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு. சுங்கை சிலாங்கூர் ஆறு நம் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. கோலாலம்பூர்வரை தண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து நான்கு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றபோது, ஆற்றங்கரையில் இருக்கிற நாமும் லோரிக்கு வாளி தூக்கிக்கொண்டு நின்றோம். அன்று சாயங்காலம் கொட்டிய மழை எல்லாம் கால்வாயில் ஓடியது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். தாமான் வீட்டின் முன்பாதிக் கூரை முப்பது சதுர மீட்டர் இருக்கும். 20 மில்லிமீட்டர் மழை, நமக்கு ஒரு சாதாரண சாயங்கால மழை, 600 லிட்டர். சிந்தியது சிதறியது போக ஐந்நூறு கைக்கு வரும். கழிவறைக்கு ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால் எண்பது தடவை. வண்டி கழுவ, செடிக்கு ஊற்ற, வாசல் கழுவ வேறு.

முதல் தண்ணீரை மட்டும் தொட்டியில் விடாதீர்கள். அதில் பறவை எச்சம், இலை, தூசி எல்லாம் வரும். கூரையிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால், நான்கு அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகக் கீழே தொங்கவிட்டு அடியில் திருகு மூடி போடுங்கள். ஒரு மீட்டர் நீளக் குழாய் எட்டு லிட்டர் பிடிக்கும். முப்பது சதுர மீட்டருக்கு இரண்டு மீட்டர் வைத்தால் நல்லது. அழுக்குத் தண்ணீர் முதலில் அதை நிரப்பும், நிரம்பிய பிறகு வருவதுதான் தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து வடித்துவிடுங்கள். நான் முதன்முதலில் வடித்தபோது வந்தது கட்டங்காப்பி நிறம். ஒரு தவளைக்குட்டியும் வந்தது.

தொட்டியைத் தரையில், சிமிந்திப் படுகையின் மேல் வையுங்கள். ஐந்நூறு லிட்டர் என்றால் அரை டன், கார் நிறுத்தும் கூரை தாங்காது. இந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க வேண்டாம்.

கொசு வராதா? சுகாதார இலாகாவினர் கம்பவுண்டு (அபராதம்) எழுதமாட்டார்களா?

மூடாமல் வைத்தால் இரண்டும் நடக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, புழு கண்டால் எழுதிவிடுவார்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். இதில் பலருக்குத் தெரியாதது: முட்டை தண்ணீரில் மிதக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே வரும் குழாய், வழிந்தோடும் குழாய் இரண்டின் வாயிலும் மெல்லிய கம்பி வலை கட்டுங்கள். வழிந்தோடும் குழாயைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுங்கள்.

கேஸ் தோங்குக்கு (சிலிண்டருக்கு) பதில் இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா?

காசு ஒன்றுதான் கணக்கு என்றால் இப்போதைக்கு இல்லை. மானிய விலையில் 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 சென், வீட்டுக்குக் கொண்டுவரக் கொஞ்சம் கூட. கேஸ் அடுப்பில் சூட்டில் நூற்றுக்கு நாற்பது வாக்கில்தான் சட்டிக்குப் போகிறது, மீதி அடுப்படியைச் சூடாக்குகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 85 யூனிட் பக்கம் ஆகும். யூனிட் 44 சென் என்றால் 37 வெள்ளி. குறைவாக எரித்துச் சிக்கனக் கழிவு அதிகம் வாங்கும் வீட்டில் கேஸுக்குச் சமமாக இறங்கிவரலாம்.

ஆனால் அடுப்படிச் சூடு குறையும், அதைக் கணக்கில் எடுங்கள். தண்ணீர் காய்ச்ச, பால் காய்ச்ச, ரசம் வைக்க இண்டக்‌ஷன். தாளிக்க, அப்பளம் சுட, மீன் பொரிக்க கேஸ். எங்கள் வீட்டில் அப்படித்தான். என் மனைவி சொன்ன ஏற்பாடு அது, எனக்கு அதில் பங்கில்லை. அலுமினியச் சட்டி இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டுகிற சட்டிதான் வேண்டும், கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி முடிந்த வாரம் அடைப்பெடுக்கக் கூப்பிடும் வீடுகளில் குழாயைத் திறந்தால் உள்ளே வெள்ளை மெழுகாக உறைந்திருக்கும். ஆறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் சேருங்கள். எடைக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அது பயோடீசலாகப் போகிறது. 2019-இல் நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் நூற்றில் பத்து பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கத் தொடங்கினார்கள். அந்தச் செம்பனையும் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. வணிகத்துக்காக மலாயாவில் முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், இதோ பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னை மரம், நட்டது செம்பனை!

செம்பனை ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நூறு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் எண்ணெய் இருபது டன் வரும். வெறுங்குலை மட்டும் இருபதுக்கு மேல். அறுபது கன மீட்டருக்கும் அதிகமாகக் கழிவுநீர். பழத்தின் நார், கொட்டையின் ஓடு இரண்டையும் எரித்து ஆலைகள் தங்களுக்கு வேண்டிய நீராவியையும் கரண்டையும் எப்போதோ எடுக்கத் தொடங்கிவிட்டன. கழிவுநீர்தான் தலைவலி. திறந்த குளத்தில் விட்டால் மீத்தேன் கிளம்பும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் கெட்டது. குளத்தைத் தடித்த விரிப்பால் மூடி வாயுவைப் பிடித்தால் எஞ்சின் ஓட்டலாம். பலூன் மாதிரி கறுப்பாக உப்பிக்கொண்டு நிற்கும், தோட்டப் பாதையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்தப் புளித்த நாற்றமும் குறையும், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுப்படிக் குப்பையை உரமாக்கலாமா? நாற்றம் அடிக்குமே?

அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலை, கிழித்த அட்டை போட்டுக் கிளறுங்கள். ஜப்பான்காரரான தக்காகுரா இந்தோனேசியாவின் சுராபாயாவுக்காகச் செய்த கூடை முறை நம் பருவத்துக்கு ஒத்துவரும்: துளையுள்ள கூடை, உள்ளே அட்டை, தவிடும் உமியும், புளிக்க வைக்கத் தெம்பேயோ (புளித்த சோயா) தாப்பாயோ (புளித்த சோறு). கறி, மீன் முள், எண்ணெய் போடாதீர்கள். போட்டால் எலி வரும், அப்புறம் பாம்பு வரும். செம்பனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மின்சார மோட்டோ வாங்கலாமா?

கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஓட்டுகிறவருக்கு மிச்சம் சின்னதுதான். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி. பெட்ரோல் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 சென். நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் 1 வெள்ளி 20 சென் செலவு. மின்சார மோட்டோவுக்கு அதே தூரம் நாற்பது சென். மாதம் இருபத்துநான்கு வெள்ளி மிச்சம். ஆயில் மாற்ற வேண்டாம், சத்தம் இல்லை, சரி. ஆனால் ரவாங் போய்வர வேண்டியிருந்தால் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஒரு தயவு செய்யுங்கள்: பழைய வீட்டு மூன்று கால் பிளக்கில் ராத்திரி முழுவதும் சார்ஜ் போடாதீர்கள். எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும்போது தளர்ந்த முனை சூடேறி உருகும். உருகிய சாக்கெட் ஒன்றைக் கடையில் மேசை மேல் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட. மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன், தனிப் பாதுகாப்பு சுவிட்ச், உரிமம் உள்ள ஒயர்மேன்.

தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். வீடு எங்களுடையதில்லை, சுவரில் கை வைக்க முடியாது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

போகும்போது எடுத்துப்போகக் கூடியதை மட்டும் வாங்குங்கள். எல்இடி விளக்கு, பிஎல்டிசி மோட்டார் வைத்த நிற்கும் விசிறி, நல்ல ஃபிரிட்ஜ், மூங்கில் திரை. மேற்குச் சுவரோரம் கம்பு நட்டு அவரையோ பீர்க்கையோ படரவிடுங்கள், சுவருக்கும் கொடிக்கும் நடுவே ஒரு முழம் விட்டு. வெயிலும் மறையும், கறிக்கும் ஆகும்.

ஒயர் பழசாகி உரிந்திருந்தாலோ தண்ணீர் ஒழுங்காக வராவிட்டாலோ உங்கள் காசைப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். தொழிலாளர் குடியிருப்புத் தரத்துக்கென்றே 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இருக்கிறது. தண்ணீரும் மின்சார வசதியும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. முதலில் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும். அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகா.

ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

கதவில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். பின்பக்கம் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

உப்பிப்போன கைப்பேசி பேட்டரி, பழைய பவர்பேங்க், செத்த விளக்கு எல்லாவற்றையும் எங்கே போடுவது?

குப்பைத் தோங்கில் போடாதீர்கள். குப்பை லோரி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட பால்மாவு டின்னில் வைத்துக் கொண்டு வாருங்கள். கடை வாசலில் வலது பக்கம் ஒரு நீலத் தோங் இருக்கிறது, மின்கழிவு எடுப்பவர் வரும்போது கொடுத்துவிடுவேன். குழல் விளக்கை உடைக்காமல் கொண்டு வாருங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அன்றைக்குத் தோங்குக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், போன தடவை பக்கத்து வீட்டு நாய் ஒரு பவர்பேங்கைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.